லாச்சியிலுள்ள குளிசையும் ஈரலின் கையிருப்பும்



இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு மருந்து லாச்சியை ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி முடிந்த பெனடோல் காட் ஒன்று நிச்சயமாக இருக்கும். போன காய்ச்சலுக்கு வாங்கிய பாணி மருந்துப் போத்தல் இருக்கும். தடிமலுக்கு என்று யாரோ வாங்கி வைத்த குளிசைகள் இருக்கும். குளிரூட்டியைத் திறந்தால் பிள்ளைகளுக்கு மலவாசலில் வைக்கும் குளிசையும் ஒன்றிரண்டு கிடக்கலாம். ஒவ்வொன்றின் உறையிலும் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். நான்கு பெயர், நான்கு நிறம். ஆனால் பெரும்பாலும் நான்கினுள்ளும் இருப்பது ஒரே மருந்துதான்: பரசிட்டமோல்.

இதை நான் பிறருக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேல் நின்ற நானே இதில் தவறியிருக்கிறேன்.

2017ஆம் ஆண்டு நம் நாட்டில் டெங்கு எப்படிப் பரவியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்றதாகப் பதிவானது. அந்த ஜூன் மாதத்தில் என் தங்கையின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயது, 12 கிலோ நிறை. டிஸ்பென்சரி டொக்டர் பாணி மருந்து கொடுத்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 7.5 மில்லிலீற்றர் கொடுக்கச் சொன்னார். சரியான அளவு. தங்கை அதை மணிக்கூட்டைப் பார்த்துத் தவறாமல் கொடுத்தாள்.

ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. தங்கையோடு இருக்கும் எங்கள் உம்மா, பிள்ளை சுடச்சுட அழுது எழும்பியபோது அதே போத்தலிலிருந்து குசினியில் இருந்த மேசைக்கரண்டியால் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தார். பிற்பகலிலும் ஒரு கரண்டி. தங்கை அயர்ந்து தூங்கிக் கொண்டிருந்தாள்; அவளை எழுப்ப உம்மாவுக்கு மனம் வரவில்லை. இரவு மச்சான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "என்ன செய்யிற நானா, நெருப்பாக் காயுதே" என்றார். "250 மில்லிகிராம் குளிசை ஒன்றை மலவாசலில் வையுங்கள்" என்றேன். அதற்கு முன் வேறென்ன கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு கணக்குப் பார்த்தேன். அந்தப் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து. தங்கை கொடுத்தது நான்கு வேளைக்கு 720. மேசைக்கரண்டி என்பது 15 மில்லிலீற்றர். ஆகவே உம்மா கொடுத்தது இரண்டு தடவைக்கு 720. நான் வைக்கச் சொன்னது 250. மொத்தம் 1690 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 24 மணித்தியாலத்தில் கொடுக்கக் கூடிய ஆகக் கூடிய அளவு 720தான். மூன்று பேர், மூவருமே பாசத்தோடு கொடுத்தவர்கள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

மறுநாள் பிள்ளை சத்தியெடுத்துச் சோர்ந்து போனது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டெங்கு என்று உறுதியானது. ஈரல் பரிசோதனையும் மிக அதிகமாகக் காட்டியது. டெங்குக் கிருமியே ஈரலைத் தாக்கக் கூடியது. ஆகவே எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு மருந்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். பரசிட்டமோலை உடனே நிறுத்தினார்கள். நாளத்தின் வழியே ஒரு மாற்று மருந்தை ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒரு கிழமைக்குப் பின் பிள்ளை வீடு வந்தது. இன்று பாடசாலை போகிறாள்.

அந்த மாற்று மருந்து என்ன செய்தது என்பதை விளங்கிக் கொள்ள வேண்டுமானால், நாம் விழுங்கும் ஒரு குளிசை ஈரலுக்குள் என்ன ஆகிறது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

வயிற்றின் வலப்பக்கத்தில் விலா எலும்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஈரல், குடலிலிருந்து வரும் குருதி முழுவதையும் முதலில் வாங்கிக் கொள்ளும் உறுப்பு. நாம் உண்ணும் மருந்தை அது அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. அதை உருமாற்றி, நீரில் கரையக் கூடியதாக்கி, சிறுநீரோடும் பித்தத்தோடும் வெளியே அனுப்பப் பார்க்கிறது. பரசிட்டமோலில் மிகப் பெரும் பகுதியை ஈரல் எவ்வித ஆபத்துமின்றி இப்படிக் கட்டி அனுப்பி விடுகிறது. சிறு பகுதி மட்டும், நூற்றில் ஐந்து முதல் பத்து வரை என்று சொல்லலாம், வேறொரு நொதியத்தின் கையில் அகப்படுகிறது. அந்த நொதியம் அதனை ஒட்சியேற்றி ஒரு நச்சுப் பொருளாக மாற்றி விடுகிறது. வைத்தியர்கள் அதைச் சுருக்கமாக 'நாப்கி' என்பார்கள்.

ஆம், நாம் தலையிடிக்குப் போடும் சாதாரணக் குளிசையிலிருந்தும் ஒவ்வொரு தடவையும் சிறிது நஞ்சு உண்டாகத்தான் செய்கிறது. அப்படியானால் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? ஈரற் கலங்களுக்குள் குளூட்டாதயோன் என்றொரு பொருள் கையிருப்பில் இருக்கிறது. அது நாப்கியைப் பிடித்துக் கட்டி, செயலிழக்கச் செய்து வெளியேற்றி விடுகிறது. ஒரு மூலக்கூறு நஞ்சைப் பிடித்தால் ஒரு மூலக்கூறு குளூட்டாதயோன் செலவாகி விடும். ஈரல் அதை மீண்டும் தயாரிக்கும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், உணவிலிருந்து கிடைக்கும் புரதமும் வேண்டும்.

குளூட்டாதயோனுக்கு இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு. கத்தரிக்காயை வெட்டி வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துப் போவதைப் பார்க்கிறோம். பழைய தேங்காயெண்ணெய் காறிப் போகிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் அவற்றோடு சேர்வதால் நேர்வது இது. நம் உடம்புக் கலங்களும் ஒட்சிசனைக் கொண்டுதான் சக்தியைப் பெறுகின்றன. அந்த வேலை நடக்கும் இடமான இழைமணிகளிலிருந்து சுயாதீன மூலிகங்கள் எனப்படும் தீப்பொறி போன்ற துணுக்குகள் ஓயாமல் தெறிக்கின்றன. அடுப்பு இருக்கும் இடத்தில் பொறி பறப்பது இயல்புதான். அந்தப் பொறிகளை அணைப்பவற்றில் பிரதானமானது இதே குளூட்டாதயோன்.

இப்போது அளவுக்கு மிஞ்சிய மருந்து உள்ளே போகிறது என்று வையுங்கள். பாதுகாப்பான வழிகள் நிரம்பி விடுகின்றன. மேலதிக மருந்து நஞ்சு வழியில் திரும்புகிறது. கையிருப்பு நஞ்சைப் பிடிப்பதிலேயே தீர்ந்து போகிறது. எஞ்சிய நாப்கி, கலத்தின் புரதங்களில், குறிப்பாக இழைமணிகளின் புரதங்களில் போய் ஒட்டிக் கொள்கிறது. அடுப்பே பழுதடைந்து முன்னிலும் அதிகமாகப் பொறி தள்ளுகிறது, அணைக்க ஆளில்லை. இதனையே ஒட்சியேற்ற நெருக்கடி என்கிறார்கள். முடிவில் இழைமணிகள் செயலிழந்து, கலம் சக்தியின்றி இறக்கிறது. அந்த நொதியம் அதிகமாக உள்ள ஈரற் கலங்களே முதலில் சாகின்றன.

பரசிட்டமோலை 1893இலேயே ஜேர்மனியில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னர் அது ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1948இல் அமெரிக்காவில் பிரோடி, அக்செல்ரொட் ஆகிய இருவரின் ஆய்வு அதனை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. 1950களில் கடைகளுக்கு வந்தது. அளவு மீறினால் ஈரல் அழியும் என்ற செய்தி எடின்பரோ வைத்தியர்களிடமிருந்து வெளியானதோ 1966இல். ஏன் அழிகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1973இல் எலிகளைக் கொண்டு காட்டினார்கள். அவர்கள் கண்டது இதுதான்: கையிருப்பு நூற்றுக்கு எழுபதளவு தீரும் வரை ஈரலில் பெரிதாக எதுவும் தெரியாது, அதற்குப் பின்னரே சேதம் தொடங்குகிறது.

தாய்மார்கள் இந்த இடத்தைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். நேற்று ஒரு வேளை அதிகம் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை, எனவே இன்றும் கொடுக்கலாம் என்று நினைப்பது இதனாற்தான் பிழையாகிறது. நேற்று ஒன்றும் ஆகாதது மருந்து தீங்கற்றது என்பதனால் அல்ல. கையிருப்பு அதைத் தாங்கியது. இன்று அந்தக் கையிருப்பு குறைந்திருக்கிறது.

அளவு மீறிய பின்னரும் முதல் நாள் இதே மாதிரித்தான் ஏமாற்றும். சிறிது குமட்டல், சத்தி இருக்கலாம்; ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டாம் நாள் வயிற்றின் வலப்பக்கம் நோவெடுக்கும். குருதிப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கும். மூன்றாம், நான்காம் நாட்களிலேயே கண் மஞ்சளிக்கும், குருதி உறையாமல் போகும், அறிவு தடுமாறும். செங்கமாரி கண்ட பின்னர் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் மிகவும் பிந்தி விடுகிறது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், ஈரல் குளூட்டாதயோனைத் திரும்பவும் தயாரிப்பதற்கான மூலப்பொருளைக் கொடுக்கிறது. அளவு மீறி எட்டு மணித்தியாலத்துக்குள் அதை ஏற்றத் தொடங்கினால் ஏறக்குறைய எல்லோருமே தப்பி விடுகிறார்கள். பிந்திக் கொடுத்தாலும் பயன் உண்டு. ஆனால் அந்த உறுதி இல்லை.

இந்த இடத்தில், எழுதக் கஷ்டமான ஒன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். பரீட்சை முடிவு, வீட்டில் ஒரு சுடுசொல், ஒரு மனத்தாங்கல் காரணமாகப் பிள்ளைகள் இந்தக் குளிசைகளை அள்ளி விழுங்கி விடுவது நம் ஊர்களிலும் நடக்கிறது. மறுநாள் காலை, "எனக்கு ஒன்றுமில்லை உம்மா" என்று எழும்பி நடப்பார்கள். அக்கம்பக்கத்தார் அறியக் கூடாது என்று வீட்டாரும் மூடி விடுவார்கள். நன்றாக இருப்பது போலத் தோன்றும் அந்த நேரம்தான் காப்பாற்றக் கூடிய நேரம். ஏசாதீர்கள், விசாரணை வைக்காதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மனம் விட்டுப் பேச ஆளில்லாதவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது. பிரித்தானியாவில் 1998இலேயே ஒரு பெட்டியில் விற்கக் கூடிய குளிசைகளின் எண்ணிக்கையைச் சட்டத்தால் குறைத்தார்கள். பின்னர் இத்தகைய மரணங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. நாமும் மலிவாகக் கிடைக்கிறது என்று காட் காட்டாக வாங்கி அடுக்காமல் இருக்கலாம்.

அளவு பற்றிப் பலருக்குத் தடுமாற்றம் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நாளில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்தே கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். துளியாக விடும் சில மருந்துகளில் 1 மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும்; அதைப் பாணி என்று நினைத்துக் கரண்டியால் ஊற்றினால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். மருந்தோடு வரும் அளவுக் கோப்பையை அல்லது சிரிஞ்சை மட்டுமே பாவியுங்கள்.

வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசையில் நாளுக்கு எட்டு என்பது எல்லை. அது எல்லையே தவிர அளவு அல்ல. மேலும் அது நல்ல தேகமுள்ளவருக்குரிய கணக்கு. நாற்பது கிலோ நிறையுள்ள உம்மம்மாவுக்கு ஒரு வேளைக்கு ஒரு குளிசை போதும்; "ரெண்டாப் போட்டால் கெதியாச் சுகம்" என்பது அவருக்குப் பொருந்தாது. கிழமைக் கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் இருப்பவருக்குக் கையிருப்பும் குறைவாகவே இருக்கும். மது அருந்துவோருக்கு அந்த நச்சு நொதியம் மிகைப்படும் என்பதை நம் வாசகர்களில் அநேகர் தமக்குரியதல்ல என்று தாண்டிப் போகலாம். ஆனால் காசநோய் மருந்து, சில வலிப்பு மருந்துகள் எடுப்பவர்களும் ஈரல் விடயத்தில் கவனமாக இருக்க வேண்டியவர்களே; அவர்கள் தங்கள் வைத்தியரிடம் பரசிட்டமோல் அளவைக் கேட்டுக் கொள்வது நல்லது.

ரமழான் மாதத்தில் கவுண்டரில் நான் அடிக்கடி கண்டது ஒன்று. பகலில் போட முடியாத குளிசையை எல்லாம் நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரையுள்ள பத்து மணித்தியாலத்துக்குள் போட்டுத் தீர்க்கப் பார்ப்பார்கள். பகல் வேளைக்குரியது தவறிப் போனதாகவே இருக்கட்டும். அதை இரவில் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு வேளைக்கிடையில் ஆகக் குறைந்தது நான்கு மணித்தியாலமாவது வேண்டும். மஃரிபுக்கு ஒரு வேளை, படுக்கப் போகையில் ஒரு வேளை, ஸஹரில் ஒரு வேளை, அதோடு சரி. கடுங்காய்ச்சலில் இருப்பவருக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகை மார்க்கத்திலேயே இருக்கும்போது, பட்டினியும் காய்ச்சலும் குளிசையும் ஒன்றாகச் சேர வேண்டியதில்லை.

இவ்வளவையும் வாசித்து விட்டு, "அப்படியானால் பெனடோலே வேண்டாம், வேறு நோக்குளிசை போடுவோம்" என்று போய்விடாதீர்கள். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அது பேராபத்து. ஐபுபுரோபென், டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் போன்றவை இரத்தப் போக்கைக் கூட்டக் கூடியவை. டெங்கு சந்தேகத்தில் காய்ச்சலுக்குக் கொடுக்கக் கூடியது பரசிட்டமோல்தான், அளவோடு. டெங்குக் காய்ச்சல் அதற்கு முழுதாக இறங்காது என்பதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் கை போத்தலைத் தேடாது. இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடையுங்கள். இளநீர், கஞ்சி, ஜீவனி கொடுங்கள். வைத்தியர் சொன்ன நாளில் இரத்தத்தைச் சோதியுங்கள்.

ஈரலை இப்படி நெருக்கும் மருந்து இது ஒன்றுதானா என்று கேட்பீர்கள். இல்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட்டும் ஈரலில் உருமாறும்போது நச்சுப் பொருட்களைத் தோற்றுவிக்கிறது. ஆனால் அதை எண்ணிப் பயந்து ஆறு மாத மருந்தை நடுவில் நிறுத்தினால் காசநோய் மருந்துக்கு அடங்காததாகி விடும். பசியின்மை, ஓயாத சத்தி, தேயிலைச் சாயம் போலச் சிறுநீர், கண் மஞ்சளிப்பு இவற்றில் எதுவும் கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திராமல் அன்றே மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய், மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர்களிடமே விட்டு விடுங்கள். நிமெசுலைட் என்ற நோக்குளிசையின் மீதும் ஈரல் சேதம் காரணமாகவே பல நாடுகளின் பார்வை விழுந்தது. 2011இல் இந்தியா அதனைப் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தடை செய்தது. யாராவது பயணப் பெட்டியில் கொண்டு வந்து அன்பளிப்பாகத் தந்த மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்க முன் பெயரைப் பாருங்கள்.

"நாட்டு மருந்தாக இருந்தால் ஈரலுக்கு நல்லதுதானே" என்றும் சொல்வார்கள். இலையிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று ஈரல் பார்ப்பதில்லை. உடம்பு மெலிய என்று விற்கும் பச்சைத் தேயிலைச் சாற்று வில்லைகளால் ஈரல் கெட்டவர்கள் உண்டு. நாம் குடிக்கும் பிளேன்டீக்கு அந்தப் பழி கிடையாது; செறிவாக்கி வில்லையில் அடைக்கும்போதே பிரச்சினை. ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்யும் விற்றமின்களை முன்கூட்டியே விழுங்கி விட்டால் இஷ்டப்படி மருந்து போடலாம் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. அப்படி ஒரு காப்புறுதி கிடையாது.

தங்கையின் வீட்டில் இப்போது மருந்து லாச்சிக்கு மேலே ஒரு கலண்டரைத் தொங்க விட்டிருக்கிறார்கள். யார் மருந்து கொடுத்தாலும் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணி என்று அன்றைய திகதிக் கட்டத்தில் எழுத வேண்டும். எழுதாமல் கரண்டியைத் தொடக் கூடாது. உம்மாவுக்குத் தமிழ் எழுத வராது. ஓதப் போன காலத்தில் பழகிய அறபுத் தமிழ்தான். போன மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனபோது கலண்டரைப் புரட்டினேன். தங்கையின் எழுத்துக்குக் கீழே நடுங்கும் கையால் வலமிருந்து இடமாக ஒரு வரி இருந்தது. லுஹருக்குப் பின் ஐந்து மில்லி, சின்னக் கோப்பையால்.